மரப்பு இறங்கிய பிறகு

கிழக்குத் தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். வலது கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். தொங்கவிட்டால் ரத்தம் இறங்கி விரல்களுக்குள் துடிக்கும். வண்டியை நிறுத்தத்தான் கையைத் தூக்கியிருக்கிறேன் என்று நினைத்து ஒரு ஷேர் ஆட்டோக்காரர் நின்றார். இல்லை என்று தலையாட்டினேன். முறைத்துவிட்டுப் போனார். சேலையூர் தாண்டுவதற்குள் இன்னும் சிலர் அப்படி நின்று, திட்டிவிட்டுப் போனார்கள்.

கால்சட்டைப் பையில் ஒரு முழம் நைலான் கயிறு இருந்தது. படகில் வலை இழுக்கும் கயிறு. அதை இந்தக் கையால் இறுக்கிப் பிடிக்க முடியுமா முடியாதா என்பதுதான் இவ்வளவு நாளும் கேள்வி. சற்று முன்புதான் பதில் வந்தது. "இதுக்கு மேல வராதுப்பா" என்று பெரிய டாக்டர் சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த மருத்துவமனையின் பெயர் வேண்டாம். கை போனதற்காகப் புலம்பவும் இதை எழுதவில்லை. உழைத்துத் தின்கிறவனுக்குக் கை போகும், கால் போகும். என் கோபம் வேறு. வலியைக் குறைக்கும் மருந்து அங்கே இருந்தது. என் கட்டிலில் படுத்தபடியே அந்தக் கண்ணாடி அலமாரியைப் பார்க்க முடியும். அதை உரிய நேரத்தில் எடுத்து என் உடம்பில் ஏற்ற யாருக்கும் மனம் வரவில்லை. அதனால்தான் இரண்டு விரல்கள் இன்று பாதியிலேயே நிற்கின்றன.

நான் ஏழாம் வகுப்பை முடிக்காமல் வீட்டைவிட்டு வந்தவன். ஓரிடத்தில் கொஞ்ச காலம் தங்கினால் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். லாரியில் கிளீனர், பரோட்டாக் கடையில் மாவு பிசைபவன், மேடவாக்கத்தில் புதுக் கட்டடங்களுக்கு சென்ட்ரிங் பலகை அடிப்பவன் என்று சுற்றிவிட்டுக் கோவளத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். சுனாமிக்குப் பிறகு அங்கே புதுப் படகுகள் நிறைய வந்திருந்தன. ஏறுவதற்கு ஆள் போதவில்லை. ஏழுமலை அண்ணன் தன் ஃபைபர் படகில் என்னைச் சேர்த்துக்கொண்டார். வெளியூர்க்காரனைப் படகில் ஏற்றுவது அங்கே வழக்கமில்லை.

"வாந்தி எடுக்காம ஒரு வாரம் ஓட்னீன்னா நீ நம்ம ஆளு" என்றார்.

எடுத்தேன். இருந்தாலும் வைத்துக்கொண்டார்.

படகைக் கரையேற்றும்போதுதான் அடிபட்டது. அலை தூக்கிக்கொடுக்கும் நேரம் பார்த்து எல்லாரும் சேர்ந்து தள்ள வேண்டும். என் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு படகு நின்றிருந்தது. பின்னால் வந்த அலை நாங்கள் நினைத்ததைவிடப் பெரியது. எங்கள் படகு சட்டென்று திரும்பி, இரண்டு விளிம்புகளுக்கும் நடுவில் என் வலது கையை வைத்து நசுக்கியது. கையை எடுத்துப் பார்த்தால் புறங்கைத் தோல் கிழிந்து, விரல்கள் ஆளுக்கொரு திசையில் இருந்தன.

யாரோ ஓடிப்போய் ஒரு குவார்ட்டர் பிராந்தி கொண்டுவந்தார்கள். அடிபட்டவனுக்கு அந்தக் கரையில் அதுதான் முதல் மருந்து. குடிக்கவும் அதுதான், காயத்தைக் கழுவவும் அதுதான். நான் குடிப்பதில்லை. நல்லொழுக்கமெல்லாம் இல்லை, வயிறு ஏற்காது. அண்ணன் என் தாடையைப் பிடித்து வாயில் ஊற்றினார். எல்லாவற்றையும் துப்பினேன். பாதி அவர் முகத்தில், பாதி என் சட்டையில். மிச்சத்தைத் துண்டில் நனைத்துக் கையைச் சுற்றிக் கட்டினார்.

"கத்தாதடா. இப்ப மரத்துப்பூடும்."

மரத்துப்போகவில்லை. நல்ல எண்ணத்தோடு செய்த அந்தக் காரியம் எனக்கு என்ன செய்யப்போகிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எலும்புக்கு நல்ல டாக்டர் தாம்பரத்தில் இருக்கிறார் என்று மீன் வேன் டிரைவர் சொன்னார். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் உட்காரவைத்துக் கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகக் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே வந்ததும் டியூட்டி டாக்டர் குனிந்து கையைப் பார்த்தார். இளவயது. குனிந்தவர் உடனே மூக்கைச் சுளித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"குடிச்சிருக்கியா?"

"இல்ல சார். ஊத்துனாங்க. துப்பிட்டேன்."

டாக்டர் சிரித்தார். சிஸ்டரும் சிரித்தார். ஏழுமலை அண்ணன் எனக்குத் துணையாகப் பேசுவதாக நினைத்து, "வலிக்குதேன்னு கொஞ்சமாத்தான் குட்த்தோம் சார்" என்றார். அதோடு என் பேச்சு எடுபடாமல் போனது. சீட்டின் தலைப்பிலேயே ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையை எழுதி அடிக்கோடு போட்டார் டாக்டர். எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கு எனக்கு ஆங்கிலம் வரும். குடிகாரன் என்று எழுதியிருந்தது.

ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பவர் அந்த மருத்துவமனை ஆள் இல்லை. இந்தப் பக்கத்துச் சிறிய மருத்துவமனைகளில் பெரும்பாலும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பல்லாவரம், கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மேடவாக்கம் என்று எங்கே ஆபரேஷன் இருந்தாலும் அவருக்குப் போன் போகும். கறுப்புப் பையை மாட்டிக்கொண்டு பைக்கில் வருவார். ஆளை மரக்கவைப்பார். தையல் முடிந்ததும் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவார். எல்லாரும் அவரை மயக்க டாக்டர் என்றுதான் சொன்னார்கள்.

அவரும் வாடையைக் கவனித்தார், ஆனால் சிரிக்கவில்லை. "காலையில என்ன சாப்பிட்ட?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். முழு மயக்கம் கொடுத்தால் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடலாம், ஆள் போய்விடுவான், அதனால் கையை மட்டும் மரக்கவைக்கிறேன் என்றார்.

"கழுத்துக்குக் கீழ, காறை எலும்புக்கு மேல ஊசி போடுவேன். நரம்புகிட்ட போனதும் ஷாக் அடிச்ச மாதிரி விரலுக்கு ஓடும். எந்த விரல்னு உடனே சொல்லணும். நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

பிறகு பல நாள் நினைத்துக்கொண்டேன் அந்தக் கடைசி வார்த்தையை. ஊசி உள்ளே போனது. "கட்டை விரல்" என்றேன். ஊசியை லேசாகத் திருப்பினார். "நடு விரல்." "சரி" என்று சொல்லி மருந்தை ஏற்றினார். படித்த மனிதர் ஒருவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு, நான் சொல்வதை நம்பி வேலை செய்தார். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

கொஞ்ச நேரத்தில் கை சூடானது, கனத்தது, பிறகு இல்லாமல் போனது. பக்கத்தில் வேறொருவன் கையை வைத்துவிட்டுப் போனதுபோல் கிடந்தது. திரைக்கு அந்தப் பக்கம் எலும்பில் துளை போட்டுக் கம்பி இறக்கினார்கள். டிரில் சத்தம் கேட்டது. சென்ட்ரிங் வேலை ஞாபகம் வந்தது. கொஞ்சமும் வலி இல்லை. எவ்வளவு பெரிய விஷயம் இது என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். கண்டுபிடித்தவன் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

வார்டுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். சாயங்காலம் பார்வையாளர்கள் வந்துபோகும் நேரம். எங்கிருந்தோ டி.வி. சீரியலின் அழுகைச் சத்தம். முதலில் விரல் நுனிகளில் எறும்பு ஓடியது. கை என்னுடையதாகத் திரும்பி வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். பிறகு முழு வலியும் ஒரே மூச்சில் வந்தது. அதை விவரிக்கப் போவதில்லை. கரையில் படகு நசுக்கியபோது இருந்ததைவிட அதிகம், அவ்வளவுதான்.

மரக்கவைக்கும் மருந்து வலியை ஆற்றுவதில்லை. வலிக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போகும் வழியை அடைத்துவைக்கிறது. சில மணி நேரத்தில் அடைப்பு தானாகத் திறந்துவிடும். அதற்குள் வேறு வலி மருந்து உடம்பில் ஏறியிருக்க வேண்டும். மயக்க டாக்டர் அப்படித்தான் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் எழுதினவர் அந்நேரம் கோவிலம்பாக்கத்திலோ மேடவாக்கத்திலோ வேறொருவரை மரக்கவைத்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டரைக் கூப்பிட்டேன். "இப்பதானே ஆபரேஷன் ஆச்சு. வலிக்கத்தான் செய்யும்" என்றார். டியூட்டி டாக்டர் வந்தார். பாராசிட்டமால் கொடுக்கச் சொன்னார். காய்ச்சலுக்குக் கொடுக்கும் மாத்திரை அது.

"மயக்க டாக்டரு ஏதோ ஊசி எழுதியிருக்காராமே சார்."

"குடிக்கிறவங்களுக்கு அந்த ஊசியெல்லாம் கேக்காது" என்றார். இரண்டடி போனவர் திரும்பி, "அப்புறம் அதே ஊசிதான் வேணும்னு தினம் கேப்ப. அதுக்கும் அடிமையாயிடுவ" என்றார்.

கேட்காத மருந்துக்கு ஒருவன் எப்படி அடிமையாவான்? ஏழாம் வகுப்பு முடிக்காத எனக்குத் தோன்றியது அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்கும். யோசிக்கத் தேவையில்லாத ஆளாக நான் கிடந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் வரதராஜன் சார் இருந்தார். கீழ்க்கட்டளைக்காரர், அரசு அலுவலகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். பாத்ரூமில் வழுக்கி விழுந்து தொடை எலும்புக்குள் கம்பி வைத்திருந்தார்கள். எனக்குக் கிடைக்காத அந்த ஊசியோடு சிஸ்டர் நேராக அவரிடம் போய், "வலி இருக்கா சார்? போட்டுடட்டுமா?" என்று குழைந்தார்.

"வேண்டாம்மா. ஹேபிட் ஆயிடும். என் சன் கண்டிப்பா சொல்லியிருக்கான்."

"வேணாமா சார்?"

"என்னோடதை அந்தத் தம்பிக்குப் போட்டுடுங்களேன். பாவம், துடிக்கிறார்."

"அப்படியெல்லாம் மாத்த முடியாது சார்."

"ஏம்மா, பஸ்ல எழுந்து சீட்டு விடறதில்லையா?"

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஊசியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"சார், நீங்களாச்சும் போட்டுக்கக் கூடாதா? அழறீங்களே."

"அழலப்பா. ஃபேன் சரியா ஓடல. வேர்வை."

வேண்டும் என்கிறவனுக்கு இல்லை, வேண்டாம் என்கிறவரிடம் கெஞ்சுகிறார்கள். அந்த வார்டு அப்படித்தான் நடந்தது.

மறுநாளிலிருந்து இடுப்பில் ஒரு ஊசி போட்டார்கள். டைக்ளோஃபெனாக். வீக்கத்தைக் குறைக்கும், வலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், வெறும் வயிற்றில் ஆகாது. புறங்கைப் புண்ணைத் துடைத்து மருந்து வைத்துக் கட்டும்போதுதான் உயிர் போகும். ஊசி அதற்கு அப்புறம் வரும். "முன்னாடியே போட்டா என்ன சிஸ்டர்?" என்று கேட்டேன். "டிரஸ்ஸிங் முடிச்சிட்டுத்தான் ஊசி ரவுண்ட்ஸ்" என்றார். வலிக்காக ஊசி என்று இல்லை. ரவுண்ட்ஸுக்காக ஊசி.

சில நாள் கழித்து விரல்களை மடக்கிப் பயிற்சி செய்ய ஒரு பெண் வந்தார். பிசியோதெரபிஸ்ட். அவரும் பல இடங்களுக்குப் போகிறவர். அதனால் காலையில் டிபனுக்கு முன்பே வந்துவிடுவார். ஊசிக்குப் பதிலாக வந்த என் வலி மாத்திரை டிபனுக்குப் பிறகு. அவர் என் விரலைத் தொட்டதும் என் உடம்பே கட்டிலைவிட்டு எழும்பும். கையைப் பிடுங்கிக்கொள்வேன்.

"கோ-ஆப்பரேட் பண்ணுங்க. இப்ப மடக்கலன்னா உள்ள எல்லாம் ஒட்டிக்கும். கை பலகை மாதிரி நின்னுடும்."

"மாத்திரை சாப்ட்டு அரை மணி நேரம் கழிச்சு வாங்க மேடம். நீங்க சொல்றத செய்யறேன்."

"எனக்கு அடுத்த கேஸ் பல்லாவரத்துல இருக்கு."

மாத்திரையை முன்னாடி கொடுக்கச் சொல்லி சிஸ்டரிடம் கேட்டேன். சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்தால் வயிறு புண்ணாகும் என்றார். இட்லியை முன்னாடி கொடுங்கள் என்றேன். கேன்டீன் திறக்காது என்றார். ஆக, என் விரல்கள் மடங்க வேண்டுமென்றால் கேன்டீன்காரர் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது, நான் ஒத்துழைக்கவில்லை என்று சொன்னார்கள். "இவங்கள்லாம் இப்படித்தான்" என்று அவர் இன்னொரு டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அளவு ஆங்கிலமும் எனக்குப் புரியும்.

ஏழுமலை அண்ணனின் மனைவி கன்னியம்மா அக்கா மீன் விற்பவர். கூடையை விற்று முடித்துவிட்டு பஸ் பிடித்துச் சாப்பாடு கொண்டுவருவார். சங்கரா மீன் குழம்பின் வாசனையில் வரதராஜன் சார் முகத்தை மூடிக்கொள்வார். அவர் சைவம்.

"இன்னா சாரே, மூஞ்சிய மூடிக்கினா வாசன போய்டுமா? காத்த வேண்ணா மூடு."

"பழகிடுச்சும்மா. அதான் பயமா இருக்கு" என்பார் சார்.

பில்லை அண்ணன்தான் கட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு என்று கேட்டால், "கொழம்பு ஆறிடும், துன்னு" என்பார். ஒரு நாள் அந்த நைலான் கயிற்றைக் கொண்டுவந்து கட்டில் கம்பியில் கட்டினார்.

"இத்த புடிச்சுப் பாத்துக்கினே இரு. என்னைக்கு நழுவாம நிக்குதோ அன்னைக்குப் படகுல ஏறு. உன் எடத்துல யாரையும் ஏத்தல."

அவர் போனதும் பிடித்துப் பார்த்தேன். விரல்கள் கயிற்றைத் தொடக்கூட இல்லை. பலகை என்று அந்தப் பெண் சொன்னது ஆரம்பித்துவிட்டது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னது அன்றைக்குத்தான். அந்த ஆங்கில வார்த்தையையும் சொன்னேன். சட்டையில் இருந்த வாடைதான் காரணம் என்றதும் அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார். பிறகு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். மயக்க டாக்டர் வேறு ஒரு ஆபரேஷனை முடித்துவிட்டுக் கீழே பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார். வார்டு ஜன்னலிலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது. அந்தத் தெருவுக்கே கேட்டது.

"இன்னா சார், ஊசி போட்டு மரக்க வெச்சிட்டு, கைய கிழிச்சிட்டு, நீ பாட்டுக்கு வண்டிய எட்த்துக்கினு பூட்ற. மரப்பு எறங்குனா யாரு பாக்கறது? நானா?"

"யாரும்மா நீ?"

"மீன் விக்கறவ. எங்க படகு ஆளு மேல கெடக்கறான். குடிகாரன்னு எழ்தி வெச்சு, வலிக்கு மருந்து குடுக்காம போட்டுக்கீறாங்க. அவன் குடிக்கல சார். எங்கூட்டுக்காரரு வாயில ஊத்துனாரு, அவன் துப்பிட்டான். அவரு மூஞ்சிலதான் துப்புனான். வேணும்னா அவரையே கூட்டியாந்து காட்டட்டா?"

"நான் அப்படி எழுதலம்மா."

"யாரு எழ்துனா இன்னா? வலி அவனுக்குத்தானே கீது."

டாக்டர் பைக்கை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்.

மேலே வந்து என் சீட்டைப் புரட்டினார். அவர் எழுதியிருந்த டிரமடால் ஊசிக்கு நேராக ஒரு நாள்கூட யாரும் குறி போடவில்லை. சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் டியூட்டி டாக்டர் அறையைப் பார்த்தார். டியூட்டி டாக்டர் வந்து, "பேஷன்ட் ஆல்கஹாலிக் சார், அதான்…" என்று இழுத்தார்.

எனக்கு அதுவரை அடங்கிக் கிடந்த கோபம் வந்துவிட்டது. ஆனால் கத்தவில்லை.

"சார், அன்னைக்கு எந்த விரல்னு கேட்டீங்க. சொன்னேன். நம்பி மருந்து ஏத்துனீங்க. தப்பா போச்சா?"

"இல்ல."

"அப்ப நான் சொன்னது நெசம். வலிக்குதுன்னு சொன்னா மட்டும் எப்படி சார் பொய்யாகும்?"

வரதராஜன் சார் மட்டும், "கரெக்ட்" என்றார்.

மயக்க டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்த மருந்துப் படிப்பெல்லாம் அவர் அப்போது சொன்னதுதான். பாராசிட்டமால் கீழ்ப்படி. டைக்ளோஃபெனாக் அதற்கு மேல். டிரமடால் அதற்கும் மேல், வாந்தி வரும், ஆனால் கேட்கும். உச்சியில் மார்ஃபின், அபினிலிருந்து எடுப்பது. அதற்கு லைசென்ஸ் வேண்டும், ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு வேண்டும், சோதனைக்கு வருவார்கள். அதனால் இந்த மாதிரி மருத்துவமனைகள் அதை வாங்கி வைப்பதே இல்லை. போதைக்காரன் கையில் சிக்கக் கூடாது என்று போட்ட சட்டம், வலியில் கிடக்கிறவனுக்கும் கதவைச் சாத்திவிட்டது என்றார்.

"இருக்கற டிரமடாலையாவது போட்டிருக்கணும். வலி வந்தப்புறம் துரத்தக் கூடாது. வர்றதுக்கு முன்னாடியே போட்டுடணும்."

"அத நீங்க இருந்து பாத்திருக்கலாமே சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆபரேஷன் முடிஞ்சு முழிச்சா எங்க வேலை முடிஞ்சுது. அதோட அடுத்த இடம். இந்தப் பக்கம் எல்லாரும் அப்படித்தான் ஓடிட்டிருக்கோம். சரின்னு சொல்லல. நடக்கறத சொல்றேன்."

நேர்மையான பதில்தான். ஆனால் அதைக் கேட்டு என் கோபம் குறையவில்லை, இன்றுவரை.

பக்கத்துக் கட்டிலிலிருந்து வரதராஜன் சார் மெதுவாகக் கேட்டார். "டாக்டர், ஹேபிட் ஆகாதா?"

"ஆபரேஷன் வலிக்கு நாலஞ்சு நாள் போடறதுல ஆகாது சார். வலியில படுத்தே கிடந்தா நுரையீரல்ல சளி கட்டும். அதுதான் ஆபத்து."

சார் போர்வையை விலக்கினார். "என் சன் கிட்ட சொல்ல வேண்டாம்" என்று சொல்லி, ஊசிக்கு இடுப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

கையை மறுபடி மரக்கவைத்து விரல்களை மடக்கிப் பார்க்கலாம் என்று மயக்க டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் சொன்னபடி வந்தார். பிசியோதெரபிஸ்டையும் வரச் சொல்லியிருந்தார். காறை எலும்புக்கு மேலே மறுபடியும் ஊசி. "எந்த விரல்?" "ஆள்காட்டி விரல்." கை இல்லாமல் போனது. அந்தப் பெண் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். உள்ளே ஏதோ பிய்வது சத்தமாகக் கேட்டது, வலியாக இல்லை. ஆள்காட்டி விரலும் நடு விரலும் உள்ளங்கையைத் தொட்டன. மோதிர விரலும் சுண்டு விரலும் பாதி வழியில் நின்றன.

"ஆரம்பத்துலேயே செஞ்சிருந்தா இந்த ரெண்டும் வந்திருக்கும்" என்று அந்தப் பெண் தன்னை அறியாமல் சொல்லிவிட்டார். பிறகு டாக்டரைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

இந்தத் தடவை மரப்பு இறங்குவதற்கு முன்பே டிரமடால் ஏற்றினார்கள். இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். வலி வந்தது, ஆனால் தூரத்தில் நின்றது. அன்றிலிருந்து பயிற்சிக்கு முன்னால் மாத்திரை. இட்லிக்குப் பதில் அக்கா வாங்கி வைத்த பன். இவ்வளவுதான் விஷயம். ஒரு பன்.

வீட்டுக்கு அனுப்பினார்கள். கம்பிகளை உருவினார்கள். மாதக்கணக்கில் வந்துபோனேன். அந்தக் கடைசி நாளுக்கு முந்தின நாள் வரை கரையில் உட்கார்ந்து அந்தக் கயிற்றைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் மறுமுனையைப் பிடித்து இழுப்பார். நழுவிவிடும். கயிறு மெல்லியது. கை முழுக்க மூடினால்தான் நிற்கும். கடைசி இரண்டு விரல்கள்தான் பூட்டு என்பார் அண்ணன். பூட்டு இல்லாத கையோடு ஒருவன் வலை இழுத்தால் அவனோடு சேர்ந்து மற்றவர்களும் கடலில் விழுவார்கள்.

"கரையில வேல இல்லியா? ஐஸ் ஒடச்சுப் போடு. என் கூடய பஸ்ல ஏத்து" என்றார் அக்கா.

படகு போவதைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்க என்னால் முடியாது. அன்று மருத்துவமனைக்குக் கிளம்பும்போதே துணிப்பையை எடுத்துக்கொண்டேன். அண்ணன் கயிற்றைச் சுருட்டி என் கால்சட்டைப் பையில் திணித்தார். பிராந்தி விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவர் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. அவர்மேல் எனக்கு ஒரு துளிக் கோபமும் இல்லை. அவர் தன்னிடம் இருந்த மருந்தைக் கொடுத்தார். பூட்டி வைத்துக்கொண்டு உட்காரவில்லை.

பெரிய டாக்டர் கடைசியாகச் சீட்டில் எழுதியதையும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஆரம்பத்தில் நோயாளி ஒத்துழைக்காததால் விரல்கள் முழுமையாக மடங்கவில்லை என்று இருந்தது. நான் ஒத்துழைக்கவில்லையாம். அந்தச் சீட்டை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன்.

மேடவாக்கத்தில் திரும்பி, கோவிலம்பாக்கம் தாண்டிக் கீழ்க்கட்டளைக்கு வரும்போது கால் ஓய்ந்துவிட்டது. வரதராஜன் சார் வீடு அங்கேதான் எங்கோ இருந்தது. வந்தால் பார் என்று சொல்லியிருந்தார். கையைக் காட்டி என்ன ஆச்சு என்று ஒருவருக்கு இன்னொரு தடவை சொல்லத் தெம்பில்லை. பஸ் நிழற்குடையில் படுத்துக்கொண்டேன்.

காலையில் எதிர்ப்பக்கம் இருந்த பெட்ரோல் பங்கில் ஆள் தேவை என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தது தெரிந்தது. முகம் கழுவிக்கொண்டு போனேன். சூப்பர்வைசர் தோளில் காசுப் பையோடு நின்றிருந்தார். என் கையைப் பார்த்தார்.

"இன்னா இது? புடிக்க வருமா?"

"தெரியல சார். பாக்கணும்."

பம்ப்பிலிருந்து குழாயை எடுத்துக் கையில் கொடுத்தார். கைப்பிடி தடிமனாக இருந்தது. பாதியில் நிற்கும் இரண்டு விரல்களுக்கும் அதன் தடிமன் சரியாகப் பொருந்தியது. விசையை அழுத்தினேன். அழுத்த முடிந்தது. புறங்கையில் பழைய இடத்தில் சுருக்கென்றது. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"வலிக்குதா?"

எத்தனையோ பேர் அந்தக் கையைப் பிடித்திருக்கிறார்கள், திருப்பியிருக்கிறார்கள், எழுதியிருக்கிறார்கள். யாரும் இப்படிக் கேட்டதில்லை. வேலை போய்விடுமே என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

"வலிக்குது சார்."

"அப்ப நீ பைக்குக்கும் ஆட்டோவுக்கும் போடு. சட்டுனு முடிஞ்சுடும். லாரிக்கு ரொம்ப நேரம் அமுக்கிக்கினே நிக்கணும், அத பக்கத்து பம்ப்புல இருக்கறவன் பாத்துக்குவான்" என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற ஆட்டோவைக் கையால் காட்டினார்.

நான் போய் டேங்க் மூடியைத் திறந்தேன்.